அம்மாவுக்கு மார்பு ஆபரேஷன், கூடவே "நர்வ் பிளாக்" போடவானு கேக்குறாங்க, என்ன சொல்ல?

தென்பொதிகை
செவ்வாய், இரவு 10.40

எல்லாருக்கும் வணக்கம், இங்க ரொம்ப நாளா படிக்க மட்டும் செஞ்சிட்டு இருந்தேன், இன்னைக்குத்தான் மொத தடவையா எழுதுறேன், நீளமா போச்சுன்னா பொறுத்துக்கோங்க. அம்மாவுக்கு 57 வயசு, ஊரு தென்காசி பக்கம். இடது மார்புல கட்டி, பயாப்ஸில கேன்சர்னு வந்து, கீமோ எல்லாம் முடிஞ்சு, அடுத்த வாரம் வியாழக்கெழம ஆபரேஷன். மார்ப முழுசா எடுத்துட்டு அக்குள்ல இருக்குற நெறிக்கட்டியும் சேத்து எடுக்குற எம்ஆர்எம்தான். கீமோவ எப்படியோ தாண்டிட்டாங்க, முடி கொட்டினதுக்குக் கூட அழல, ஆனா ஆபரேஷன்னு சொன்னதுல இருந்து ஒரே கேள்விதான், "எத்தன நாள் வலிக்கும்?"

நேத்து அனஸ்தீசியா ஃபிட்னஸுக்கு போயிருந்தோம். மயக்க டாக்டர் ஃபைல பாத்துட்டு, முழு மயக்கம் குடுத்துத்தான் பண்ணுவோம், அது கூட ஒரு நர்வ் பிளாக்கும் போட்டுட்டா ஆபரேஷனுக்கு அப்புறம் வலி கம்மியா இருக்கும், முதுகுப் பக்கமாவும் போடலாம் நெஞ்சுப் பக்கமாவும் போடலாம், வீட்ல பேசிட்டு சொல்லுங்கன்னாங்க. நல்லாத்தான் பேசினாங்க, ஆனா வெளிய அத்தன பேர் டோக்கனோட நிக்குறப்ப அஞ்சு நிமிஷத்துல நான் என்னத்த கேக்குறது, தலைய ஆட்டிட்டு வந்துட்டேன்.

இதுல "பிளாக்"ங்குற வார்த்ததான் வம்பு. அப்பாவுக்கு 4 வருஷம் முன்னாடி ஹார்ட்ல 3 பிளாக்னு சொல்லி ஸ்டென்ட் வச்சோம், அதுல இருந்து எங்க வீட்ல பிளாக்னா அடைப்பு, அடைப்புன்னா ஆபத்து. ரூம விட்டு வெளிய வந்ததும் அம்மா, "ஏட்டி, அடைப்பு இருந்தா எடுக்கத்தான செய்வாவ, இந்தப் புள்ள என்ன நல்லா இருக்குற நரம்புல கொண்டு போயி அடைப்ப போடுதேங்கா?"ன்னாங்க. பஸ்ஸுல சிரிச்சிட்டே வந்தேன், ஆனா எனக்கும் பதில் தெரியல.

தாய்மாமா ஒரே முடிவா வேண்டாங்குறாரு. அத்தைக்கு சிசேரியனுக்கு முதுகுல ஊசி போட்டு இருபது வருஷமா முதுகுவலியாம், அதே கதி அக்காவுக்கும் வரணுமாங்குறாரு. அண்ணன் போன்லயே "டாக்டருக்கு தெரியாததா உனக்கு தெரியும், எது சொல்றாங்களோ போட்டுக்க"ன்னு வச்சிட்டான். கையெழுத்து போடப்போறது நான், அதான் கேக்குறேன். இது போட்டா நெசமாவே வலி கம்மியாகுமா, எவ்வளவு நேரத்துக்கு? முதுகா நெஞ்சா, எது நல்லது? நரம்புக்கு ஏதாச்சும் ஆகி கை விளங்காம போயிருமா? அம்மாவுக்கு சுகர் பிரஷர் ரெண்டும் இருக்கு, மெட்ஃபார்மின், ஆம்லோடிபின், அப்புறம் ரத்தம் உறையாம இருக்க ஈகோஸ்பிரின் 75 போடுறாங்க. யாருக்காவது போட்ட அனுபவம் இருந்தா சொல்லுங்க ப்ளீஸ்.


நடுநிசி_நரி
செவ்வாய், இரவு 11.15

சகோதரி, பயப்படாம போட்டுக்கோங்க. இந்த மரத்துப் போற ஊசி போட்டா கேன்சர் திரும்பவே வராதுன்னு பம்பாய் டாடா ஆஸ்பத்திரில கண்டுபிடிச்சிருக்காங்கனு எங்க ஃபேமிலி குரூப்ல வந்துச்சு. விலையும் கம்மியாம். வலிக்காக இல்லேன்னாலும் அதுக்காகவாச்சும் போட்டுருங்க.


கோவை_மயக்கடாக்டர்
புதன், காலை 6.05

நைட் டூட்டி முடிச்சிட்டு டீ குடிக்கிற கேப்ல எழுதுறேனுங்க, எழுத்துப்பிழை இருந்தா விட்ருங்க. நரியார் சொன்னத கடைசில பாக்கலாம், அது பாதி நெசம், அதனாலதான் வம்பு.

மொதல்ல அம்மாவோட கேள்வி, ஏன்னா அதுதான் சரியான கேள்வி. அடைப்பு இல்லீங்க, தற்காலிகமா லைன் கட் பண்றோம், அவ்வளவுதான். பல்லு புடுங்குறப்ப ஈறுல ஊசி போட்டு பாதி வாய் மரத்துப் போகுமில்ல, சாயங்காலம் தன்னால சரியாயிடுமில்ல, அதே ஜாதி மருந்துதான். பல்லுக்கு லிக்னோகெய்ன் போடுவாங்க, நாங்க அதவிட நின்னு வேல செய்யற பூபிவகெய்னோ ரோபிவகெய்னோ போடுவோம். மருந்து ரத்தத்துல கரைஞ்சு போனதும் நரம்பு பழையபடி பேச ஆரம்பிச்சிடும். யாரும் வந்து திறந்து விட வேண்டியதில்ல.

எங்க போடறோம்னா, மார்புக்கு உணர்ச்சி குடுக்குற நரம்பெல்லாம் முதுகெலும்புல இருந்து கிளம்பி ஒவ்வொரு விலா எலும்புக்கும் அடியில ஓடி முன்னாடி வருது, ரெண்டாவதுல இருந்து ஆறாவது வரைக்கும்னு வச்சுக்கோங்க. அது கிளம்புற எடத்துலயே, முதுகுத்தண்டுக்கு பக்கவாட்டுல மருந்து போட்டா அதுக்கு பேரு பாராவெர்டிப்ரல் பிளாக். இது இன்னைக்கு நேத்து வந்ததில்ல, 1905லயே ஜெர்மனில ஹ்யூகோ செல்ஹைம்னு ஒரு பிரசவ டாக்டர் பண்ணினது, நடுவுல எல்லாரும் மறந்து போயி 1979ல தூசி தட்டி எடுத்தாங்க. நெஞ்சுப் பக்கம் போடறதுதான் புதுசு. 2011ல ரஃபேல் பிளாங்கோங்கற ஸ்பெயின் நாட்டு டாக்டர் அல்ட்ராசவுண்ட வச்சு நெஞ்சு தசைக்கு நடுவுல மருந்து விடற மாதிரி கொண்டு வந்தாரு, அதுதான் பெக்ஸ் பிளாக். அடுத்த வருஷமே அத இன்னும் கொஞ்சம் ஆழமா கொண்டு போயி பெக்ஸ் 2 ஆக்கினாரு. பெரிய தசைக்கும் சின்ன தசைக்கும் நடுவுல 10 மில்லி, சின்ன தசைக்கு அடியில 20 மில்லி. இதனால அக்குளும் ஓரளவு மரத்துப் போகும், எம்ஆர்எம்முக்கு அது முக்கியம்.

எது நல்லதுன்னு கேட்டீங்க. மார்பு கேன்சர் ஆபரேஷன் வலிக்குன்னே ப்ராஸ்பெக்ட்னு ஒரு குழு இருக்கற ஆராய்ச்சியெல்லாம் அலசி 2020ல வழிகாட்டி போட்டாங்க. பெரிய ஆபரேஷன்னா மொத சாய்ஸ் பாராவெர்டிப்ரல், அது முடியாட்டி பெக்ஸ்னு அதுல இருக்கு. ஆனா அதுல மறைஞ்சு நிக்கற விஷயம் ஒண்ணு சொல்றேன். நெஞ்சு தசைக்கு போற நரம்பு முதுகுல இருந்து வர்றதில்ல, கழுத்துல இருந்து வருது, அதனால பாராவெர்டிப்ரல் எவ்வளவு அழகா போட்டாலும் தசை வலிய முழுசா புடிக்காது. பெக்ஸ் அத புடிக்கும், ஆனா நெஞ்செலும்புக்கு பக்கத்துல உள்ளோரம் அவ்வளவா மரக்காது. ஆக ரெண்டுலயும் ஓட்டை உண்டு. இது போக 2016ல கனடாவுல ஃபொரேரோன்னு ஒருத்தர் எரெக்டர் ஸ்பைனேன்னு ஒண்ணு கொண்டு வந்தாரு, முதுகுல எலும்புக்கு மேலேயே மருந்த விடறது, போடறது சுலபம், நுரையீரலுக்கு தூரம், அதனால இப்ப எங்க பாத்தாலும் அதான் நடக்குது, ஆனா மருந்து முன்பக்க நரம்பு வரைக்கும் ஒருத்தருக்கு பரவும் இன்னொருத்தருக்கு பரவாது. என்ன கேட்டா, உங்க டாக்டர் கை எதுல பழகியிருக்கோ அதுதான் உங்கம்மாவுக்கு நல்ல பிளாக். "நீங்க வாரத்துக்கு எத்தன போடுவீங்க, அல்ட்ராசவுண்ட் பாத்து போடுவீங்களா"ன்னு தயங்காம கேளுங்க, நாங்க கோவிச்சுக்க மாட்டோம்.

ஆபத்து சொல்லாம விட்டா தப்பு. 1995ல லோன்க்விஸ்ட் குழு பாராவெர்டிப்ரல் போட்ட 367 பேர கணக்கு எடுத்தாங்க, பிளாக் போடறதுக்கு அல்ட்ராசவுண்ட் எல்லாம் பழக்கத்துக்கு வராத காலம். நூத்துக்கு 10 பேருக்கு பிளாக் வேலையே செய்யல, 5 பேருக்கு கிட்ட பிரஷர் எறங்குச்சு, நுரையீரல் உறைக்குள்ள காத்து போனது 200ல ஒருத்தருக்கு. பெக்ஸ்ல இந்த பயம் இன்னும் கம்மி. மருந்து தப்பித்தவறி ரத்தக்குழாய்க்குள்ள போனா உதடு மரத்துப் போகும், காதுல ரீங்காரம் கேக்கும், ரொம்ப போனா ஃபிட்ஸ் வரும், இதயம் தடுமாறும். அதுக்குத்தான் எடைக்கு கணக்கு போட்டு மருந்து எடுப்போம், நிறுத்தி நிறுத்தி போடுவோம், பால் மாதிரி வெள்ளையா ஒரு கொழுப்பு மருந்து பாட்டில தியேட்டர்ல கைக்கெட்டுற தூரத்துல வச்சிருப்போம். கை விளங்காம போற பயம் வேண்டாங்க, கை நரம்பு இருக்குற எடம் வேற.

மாமாவுக்கு: சிசேரியனுக்கு போடறது தண்டுவடத்த சுத்தி இருக்கற தண்ணிப் பைக்குள்ள. இத அங்க போடறதில்ல, ரெண்டு மூணு சென்டிமீட்டர் தள்ளி பக்கத்துல. அது போக பிரசவ வலிக்கு முதுகுல எபிட்யூரல் ஊசி போட்டவங்களையும் போடாதவங்களையும் வச்சு ஒப்பிட்டு பாத்தாச்சு, வருஷக்கணக்கா இருக்கற முதுகுவலி ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான். புள்ளைய தூக்கி, குனிஞ்சு பால் குடுத்து, தண்ணி கொடம் சுமந்தா வலிக்காம என்ன பண்ணும். அத்தைகிட்ட நான் சொன்னேன்னு சொல்லாதீங்க.

எவ்வளவு நேரம்னா, ஒரே ஊசின்னா பொதுவா எட்டுல இருந்து பன்னெண்டு மணி நேரம், கூட டெக்ஸாமெத்தசோன்ங்கற ஸ்டீராய்டு ஊசி சேத்தா இன்னும் சில மணி நேரம். இதுதான் எல்லாரும் கோட்ட விடற எடம். மரத்துருக்கு, வலியில்ல, மாத்திரை எதுக்குன்னு தூங்கிடுவாங்க, நடு ராத்திரி மருந்து தீந்து வலி மொத்தமா ஏறும். மாத்திரை வேளா வேளைக்கு போகணும், வலி வந்த பிறகு இல்ல. ஷிஃப்ட் முடிஞ்சுது, மீதி சாயங்காலம்.


கரூர்_அக்கா
புதன், மதியம் 1.30

தங்கம், நான் ரெண்டையும் பாத்தவ, அதனால எழுதுறேன். எனக்கு 2017ல வலது பக்கம், 2022ல இடது பக்கம். மொத தடவ பிளாக்கு கிளாக்கு எதுவும் கெடையாது, முழு மயக்கம், அப்புறம் டிராமடால்னு வலி மருந்து டிரிப்பு. வலி கூட பரவால்ல, வாந்தி இருக்கு பாரு, ராத்திரி பூரா. நெஞ்சு பூரா தையல வச்சிட்டு வாந்தி எடுத்து பாத்துருக்கியா, ஒவ்வொரு ஓங்கரிப்புக்கும் தையல் பிரிஞ்சு வர்ற மாதிரி இருக்கும். மறுநாள் கைய தூக்க சொன்னா நான் அந்த பிசியோ பொண்ண திட்டிட்டேன், பாவம்.

ரெண்டாவது தடவ அந்த பெக்ஸ் போட்டாங்க, போட்டதே தெரியாது, தூங்கினப்புறம் போட்டுருக்காங்க. முழிச்சப்ப இடது பக்கம் பலகைய வச்சு அடிச்ச மாதிரி கெடக்கு, தொட்டா வேற யாரையோ தொடுற மாதிரி. சாயங்காலம் 6 மணிக்கு காப்பி குடிச்சேன், வாந்தி இல்ல, எந்திரிச்சு பாத்ரூம் போயிட்டு வந்தேன், பக்கத்து பெட் அம்மா நம்பவே இல்ல. ஆனா டாக்டர் தம்பி சொன்ன அதே தப்ப நானும் பண்ணுனேன். நர்ஸ் 10 மணிக்கு மாத்திரை குடுத்தா, "வேணாம்மா எனக்குத்தான் வலியே இல்லையே"ன்னு பெருமையா திருப்பி குடுத்துட்டு படுத்தேன். மூணு மணிக்கு முழிப்பு தட்டுச்சு பாரு, அப்பா சாமி. ஊசி போட்டு அது புடிக்க ஒரு மணி நேரம் ஆச்சு. அம்மாகிட்ட சொல்லி வையி, வலிச்சாலும் வலிக்காட்டியும் மாத்திரைய முழுங்கணும்.

இன்னொண்ணு. மரத்துருக்குற வரைக்கும் அந்த பக்கம் வெந்நீர் ஒத்தடம், சூடான டம்ளர், ஐஸ் பை எதுவும் வைக்க விடாத, சுட்டாலும் தெரியாது. தெரிஞ்ச ஒருத்தங்க மரத்த தோள்ல வெந்நி பைய வச்சு கொப்புளம் கெளப்பிக்கிட்டாங்க.

டிரெயின் டப்பா ஒண்ணோ ரெண்டோ தொங்கும், காயத்துல ஊறுற தண்ணி குழாய் வழியா எறங்குமே, அந்த துருத்தி மாதிரி அமுக்குற டப்பா. அத கையில புடிச்சிட்டே நடக்க முடியாது, ஊக்க போட்டு புடவைல மாட்டுனா இழுக்கும், நான் பழைய பாவாட துணில சுருக்குப்பை மாதிரி தச்சு நீளமா நாடா வச்சு கழுத்துல மாட்டிக்கிட்டேன். முன்னாடி பட்டன் வச்ச நைட்டி நாலு வாங்கி வையி, தலை வழியா போடுறது எதுவும் ஒரு மாசத்துக்கு ஆவாது. அப்புறம் கை எக்சர்சைஸ். டிரெயின் எடுக்குற வரைக்கும் தோள் மட்டத்துக்கு மேல தூக்க வேணாம்னு சொல்லுவாங்க, ஆனா மொத நாள்ல இருந்தே தலை சீவுறது, வெரல மடக்கி நீட்டுறது, முழங்கைய மடக்குறது எல்லாம் பண்ணணும். டிரெயின் எடுத்ததும் சுவத்துல வெரலால ஏறுறது. நான் சமையக்கட்டு சுவத்துல பென்சில் கோடு போட்டு வச்சேன், இன்னைக்கு இதுவரைக்கும் நாளைக்கு இதுவரைக்கும்னு. மேல் தட்டுல புளி டப்பா வரைக்கும் கை போனப்பதான் எனக்கு ஆபரேஷன் முடிஞ்ச மாதிரி இருந்துச்சு. அந்த கோடு இன்னும் இருக்கு, வெள்ளையடிக்க வந்தவன அழிக்க விடல. பிளாக்கால எனக்கு கெடச்சது அந்த மொத ரெண்டு நாளு, வலிக்கு பயந்து கைய நெஞ்சோட கட்டிக்காம இருந்தேன், அவ்வளவுதான், ஆனா அது பெருசு.


தென்பொதிகை
புதன், மாலை 5.50

டாக்டர் சார், அக்கா, ரெண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்றதுனு தெரியல. அக்கா எழுதுனத அம்மாவுக்கு வாசிச்சு காட்டினேன், புளி டப்பா வந்ததும் "அவ நம்மள மாதிரிதான்"ன்னாங்க. மாமா மட்டும் இன்னும் முறுக்கிக்கிட்டு இருக்காரு.

இன்னும் ரெண்டு சந்தேகம். ஈகோஸ்பிரின நிறுத்தணுமா? சுகருக்கு அந்த டெக்ஸா ஊசி ஒத்துக்குமா? அப்புறம் நரி சார் சொன்ன டாடா ஆஸ்பத்திரி விஷயம் நெசமா, ஏன்னா அதே வீடியோ எனக்கும் சித்தி அனுப்பிட்டாங்க.


கோவை_மயக்கடாக்டர்
புதன், இரவு 8.20

ஈகோஸ்பிரின் மட்டும்னா பெரும்பாலும் பிளாக்குக்கு தடையில்லீங்க. ஆனா அட்டைய திருப்பி பாருங்க, கூடவே ரத்தம் உறையாம தடுக்கற குளோபிடோக்ரெல்னு சேந்திருந்தா கதை வேற, ஸ்டென்ட் வச்ச அப்பா மாத்திரையும் அம்மா மாத்திரையும் ஒரே டப்பால கெடக்கற வீடு எத்தனையோ பாத்துருக்கேன். அந்த மருந்து இருந்தா முதுகுல ஆழமா போடறதுக்கு முன்னாடி அஞ்சுல இருந்து ஏழு நாள் நிறுத்த வேண்டி வரும், உள்ள ரத்தம் கசிஞ்சு தேங்கிடும்னு பயம். நீங்களா எதையும் நிறுத்தாதீங்க, அட்டைய அப்படியே டாக்டர்கிட்ட காட்டுங்க. டெக்ஸா ஒரு டோஸ் போட்டா சுகர் ஒரு நாள், ஒண்ணரை நாள் ஏறும், இன்சுலின்ல சமாளிச்சிடலாம், வாந்தியையும் அது குறைக்கும், அதனால சுகர் ரொம்ப எகிறி இல்லேன்னா போடத்தான் செய்வோம். மெட்ஃபார்மின ஆபரேஷன் அன்னைக்கு காலைல போடணுமா வேணாமான்னு மறக்காம கேட்டுக்கோங்க. சாப்பாடு ஆறு மணி நேரம் முன்னாடியே நிறுத்தணும், வெறும் தண்ணி ரெண்டு மணி நேரம் முன்னாடி வரைக்கும் குடிக்கலாம், ராத்திரி பன்னெண்டு மணில இருந்து பொட்டுத் தண்ணி கூட இல்லாம காய வைக்காதீங்க.

உங்க சர்ஜன்கிட்டயும் ஒரு வார்த்த காதுல போடுங்க. சில சர்ஜன்களுக்கு பெக்ஸ் புடிக்காது, அவங்க வெட்டப்போற எடத்துலயே நாங்க முன்னாடி 30 மில்லி தண்ணிய விட்டா தசையெல்லாம் ஊறிப்போயி தெரியுதுன்னு சொல்வாங்க, அக்குள்ல ஒரு முக்கியமான நரம்ப தொட்டு தசை துடிக்குதான்னு பாத்து காப்பாத்துவாங்க, பிளாக் போட்டா அது துடிக்காம போயிடும்னும் சொல்வாங்க. நியாயமான பேச்சுதான். அப்படிப்பட்டவங்க கட்டிய எடுத்த பிறகு மூடறதுக்கு முன்னாடி, நேருல பாத்தே மருந்த விட்டுடறாங்க, இல்ல முதுகுப் பக்கம் போட சொல்றாங்க.

இப்ப டாடா. மும்பை டாடா மெமோரியல்ல டாக்டர் ராஜேந்திர பட்வே தலைமைல, இந்தியாவுல 11 ஆஸ்பத்திரில, 1600 பெண்கள வச்சு பண்ணின ஆராய்ச்சி, 2023ல வெளிவந்துச்சு, நல்ல ஆராய்ச்சி, நம்மூர் ஆராய்ச்சின்னு பெருமையா சொல்லலாம். ஆபரேஷனுக்கு ஏழுல இருந்து பத்து நிமிஷம் முன்னாடி கட்டிய சுத்தி லிக்னோகெய்ன் போட்டாங்க. அஞ்சு வருஷம் கழிச்சு உயிரோட இருந்தவங்க, போட்டவங்கள்ல 90.1 சதவீதம், போடாதவங்கள்ல 86.4. ஆனா கவனிங்க, அது நர்வ் பிளாக்கே இல்ல, கட்டிய சுத்தி போடற ஊசி, போடறது சர்ஜன். ரெண்டாவது, கீமோ எதுவும் இல்லாம நேரா ஆபரேஷனுக்கு வந்தவங்களத்தான் அதுல சேத்தாங்க. உங்கம்மா கீமோ முடிச்சவங்க, அந்த கணக்கு அவங்களுக்கு அப்படியே பொருந்தாது. "திரும்பவே வராது"ங்கறது வாட்ஸப் சேத்த மசாலா.

நர்வ் பிளாக்குக்கும் கேன்சர் திரும்ப வர்றதுக்கும் சம்பந்தம் இருக்கான்னு தனியாவே பாத்தாச்சு. 2006ல ஒரு சின்ன கணக்குல, பழைய ஃபைல பொரட்டி 129 பேர பாத்து, பாராவெர்டிப்ரல் போட்டவங்களுக்கு கம்மியா திரும்புதுன்னு சொன்னாங்க, எங்க துறையே துள்ளி குதிச்சுது. அப்புறம் டேனியல் செஸ்லர் குழு எட்டு நாட்டுல 2100க்கு மேல பெண்கள வச்சு யாருக்கு பிளாக், யாருக்கு இல்லன்னு ஒழுங்கா சீட்டு குலுக்கி பண்ணினாங்க, 2019ல லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல வந்துச்சு. ரெண்டு பக்கமும் 10 சதவீதம் பேருக்கு கேன்சர் திரும்புச்சு, ஒரு வித்தியாசமும் இல்ல. அதே ஆராய்ச்சில நீண்டநாள் வலியையும் பாத்தாங்க, ஆறு மாசத்துல ரெண்டு பக்கமும் 52 சதவீதம் பேருக்கு வலி, ஒரு வருஷத்துல 28ம் 27ம். சில சின்ன ஆராய்ச்சில நீண்டநாள் வலி குறையுதுன்னு வருது, ஆனா நான் அத சொல்லி யாரையும் சம்மதிக்க வைக்கறதில்ல. மொத ராத்திரி, மறுநாள், வாந்தி, கை தூக்கறது. இதுக்காக போடுங்க, இதுக்கே தாராளமா போடலாம்.


நடுநிசி_நரி
புதன், இரவு 9.02

சரி டாக்டர், குரூப்ல போட்டத அழிச்சிட்டேன். பெரியப்பா ஏன் அழிச்சேன்னு கேக்குறாரு.


வடமராட்சி_பிள்ளை
வியாழன், அதிகாலை 3.10

நான் யாழ்ப்பாணம், இப்ப லண்டன்ல ஒரு ஆஸ்பத்திரியில ரிக்கவரி வார்ட்ல நேர்ஸா வேலை செய்யுறன். டொக்டர் எல்லாம் வடிவா சொல்லிப்போட்டார், நான் பிறகு வாற விஷயம் மட்டும் சொல்லுறன், ஏனெண்டா வீட்ட போனாப்பிறகு வாறதுக்குத்தான் சனம் கனக்கப் பயப்பிடுது.

அக்குள்ல நெறிக்கட்டி எடுக்கேக்க கையின்ர உள்பக்கத்துக்குப் போற ஒரு தோல் நரம்பு பெரும்பாலும் இழுபடும், சிலவேளை வெட்டுப்படும். அதால மேல்கையின்ர உள்பக்கம் மரத்துப்போய்க் கிடக்கும், சிலருக்கு மாசக்கணக்கா, சிலருக்கு நெடுகவும். அது பிளாக்கால வந்ததில்லை, சத்திரசிகிச்சையால வாறது. இது தெரியாமல் "ஊசி போட்டுக் கையைக் கெடுத்துப்போட்டாங்கள்" எண்டு கதைக்கிற ஆக்கள் இஞ்சையும் இருக்கினம். மரத்த இடத்தில எரிவு, ஊசி குத்துற மாதிரி நோ, உடுப்புப் பட்டாலே நோகிறது எண்டு வந்தால் சொல்லாமல் இருக்கக் கூடாது. டென்மார்க்கில 3253 பேரைக் கேட்டு 2009ல ஒரு கணக்கு வந்தது, ஒண்டு ரெண்டு மூண்டு வருசம் கழிச்சும் 47 வீதமான ஆக்களுக்கு ஏதோ ஒரு நோ இருந்தது. அதால அம்மா தனிய இல்லை. இரவில குறைஞ்ச அளவு அமிட்ரிப்டிலின், இல்லாட்டி கபாபென்டின் மாதிரி நரம்பு நோவுக்கெண்டே மருந்து இருக்கு, டோலோவை மட்டும் விழுங்கிக்கொண்டு இருக்கத் தேவையில்லை. ஒண்டு கவனம், பிறகு கேன்சர் திரும்பாமல் இருக்க டமொக்சிஃபென் எண்ட ஹோர்மோன் குளிசை குடுத்தால், மனச்சோர்வுக்குக் குடுக்கிற துலொக்செட்டின், ஃப்ளூவொக்செட்டின் மாதிரிக் குளிசையளை டொக்டரைக் கேளாமல் சேர்க்கக் கூடாது, டமொக்சிஃபென் உடம்பில வேலை செய்யிறதை அதுகள் குறைக்கும்.

மற்றது, சில கிழமை போக அக்குள்ல இருந்து முழங்கை மட்டும் தோலுக்குக் கீழ ஒரு நூல் இழுத்துக் கட்டின மாதிரித் தெரியும், கை நிமிராது. கேன்சர் திரும்பிட்டுது எண்டு அழுதுகொண்டு வந்த ஆக்களை எனக்குத் தெரியும். அது பயப்பிடுற சாமான் இல்லை, பிசியோவோட மெல்ல மெல்லச் சரிவரும்.


தென்பொதிகை
புதன், இரவு 11.30

ஒரு வாரமா இங்க வர முடியல. நாளைக்கு காலைல மொத கேஸ் அம்மாதான். போன வாரமே டாக்டர மறுபடி பாத்து எல்லாம் கேட்டுட்டேன், அட்டைய காட்டினேன், வெறும் ஈகோஸ்பிரின்தான். பெக்ஸ் போடுறேன், அல்ட்ராசவுண்ட் பாத்துத்தான் போடுவேன், சர்ஜன் ஒத்துக்கிட்டாருன்னாங்க. எத்தன போட்டுருக்கீங்கனு கேக்க வாய் வரல, அம்மாவே கேட்டுட்டாங்க, "எம்மா, ஒனக்கு இது பழக்கமா?"ன்னு. அவங்க சிரிச்சிட்டு "தினமும் ரெண்டு மூணு போடுறேன் அம்மா"ன்னாங்க. வடமராட்சி அக்கா, உங்க "நோ"ன்னா வலின்னு புரியாம மொதல்ல இங்கிலீஷ் நோன்னு நெனச்சு ரெண்டு தடவ படிச்சேன் :)


தென்பொதிகை
சனி, மாலை 4.15

முடிஞ்சுது. எல்லாரும் கேட்டு மெசேஜ் போட்டுருந்தீங்க, இப்பத்தான் உக்காந்து எழுத முடியுது.

வியாழன் மதியம் ஒரு மணிக்கு வெளிய கொண்டு வந்தாங்க. கண்ணு தொறந்ததும் வலிக்குதாம்மான்னேன், "நெஞ்சுல யாரோ அம்மிக்கல்ல வச்ச மாதிரி கனமா கெடக்கு, வலிக்கல"ன்னாங்க. நர்ஸ் வலி பத்துக்கு எத்தனைனு கேட்டதுக்கு ரெண்டுன்னாங்க. ஒரு தடவ மட்டும் வாந்தி வர்ற மாதிரி இருந்துச்சு, ஊசி போட்டதும் நின்னுடுச்சு. சாயங்காலம் இட்லி ஒண்ணு சாப்பிட்டாங்க. சொன்னது எல்லாம் அப்படியே நடந்துச்சுன்னும் சொல்ல முடியாது, அக்குள் பக்கம் டிரெயின் வெளிய வர்ற எடத்துல ஆரம்பத்துல இருந்தே வலி இருந்துச்சு, அந்த எடம் சரியா மரக்கல போல. கரூர் அக்கா கதைய சொல்லி சொல்லி 10 மணி மாத்திரைய குடுத்துட்டேன், 2 மணிக்கு நானே அலாரம் வச்சு முழிச்சு நர்ஸ்கிட்ட ஞாபகப்படுத்தினேன், அவங்க என்ன ஒரு மாதிரி பாத்தாங்க. விடிகாலைல மரப்பு எறங்கினப்ப அஞ்சு ஆறுன்னு ஏறுச்சு, முனகினாங்க, ஆனா அலறல. நேத்து மதியமே பிசியோ வந்து கைய தோள் வரைக்கும் தூக்க வச்சாங்க, பல்ல கடிச்சிட்டு தூக்கிட்டாங்க. மாமா பாத்துட்டு ஒண்ணும் பேசல, ஆப்பிள உரிச்சு குடுத்தாரு.

இன்னைக்கு காலைல ரவுண்ட்ஸுக்கு அந்த மயக்க டாக்டர் வந்தாங்க. அம்மா அவங்க கைய புடிச்சிட்டு ரொம்ப சீரியஸா கேட்டாங்க, "எம்மா, அந்த அடைப்ப எடுத்து விட்டாச்சுல்லா?" அவங்களும் ஒரு நிமிஷம் முழிச்சிட்டு, "எடுத்தாச்சும்மா, நேத்தே எடுத்தாச்சு"ன்னுட்டு போயிட்டாங்க.

டிரெயின் இன்னைக்கு 110 மில்லி வந்துருக்கு, இது அதிகமா? எப்ப எடுப்பாங்க? அக்கா, அந்த சுருக்குப்பை அளவு சொல்லுங்க, பாவாட துணி எடுத்து வச்சிருக்கேன்.


கரூர்_அக்கா
சனி, இரவு 7.45

மூணாம் நாளுக்கு அது சாதாரணம், கலர் மட்டும் பாத்துக்க, செவப்புல இருந்து மஞ்சளா மாறிட்டே வரணும், திடீர்னு திரும்ப ரத்தமா வந்தா சொல்லிரு. எங்க ஆஸ்பத்திரில ஒரு நாளைக்கு 30 மில்லிக்கு கீழ ரெண்டு நாள் தொடர்ந்து வந்தாத்தான் எடுத்தாங்க, எனக்கு 12 நாள் ஆச்சு, வீட்டுக்கு டப்பாவோடயே அனுப்பிச்சாங்க. அளவு ஒரு நோட்டுல எழுது, மறந்து போகும். பைக்கு ஒரு ஜாண் அகலம், ஒண்ணரை ஜாண் ஒசரம், அடில துணி ரெண்டு மடிப்பா வையி. நாடா அம்மா ஒசரத்துக்கு தொப்புள் வரைக்கும் வர்ற மாதிரி, அதுக்கு கீழ தொங்குனா உக்காரும்போது மாட்டி இழுக்கும்.